இரண்டு கன்னத்துக்கும் ஒரே கேள்வி

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். நீங்களும் அக்காவும் சுகம்தான் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லலாம். சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் பாதியில் வைத்துவிடுவேன். போன மாதம் உங்கள் லாரி கிளட்ச் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று. எழுத்தில் என்றால் நான் முடிக்கும் வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது.

நேற்று ரொட்டிக் கம்பெனியில் என்னை அறைந்துவிட்டார்கள். எழுந்து நிற்காதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். அறைந்தவர் எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நாயைக் கூப்பிடுகிற மாதிரி விசில்தான் அடிப்பார். அதனால் எல்லாருக்கும் அவர் ‘விசில்’.

மாவு பிசைகிற பெரிய மிக்சரைக் கழுவ ஆள் உள்ளே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்து, கழுவுகிறவர் ஒரு பூட்டு, மெக்கானிக் நான் ஒரு பூட்டு போடுவோம். வேலை முடிந்தால் அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, முதலாளியே வந்தாலும்.

நேற்று வெளியே வண்டிகள் ரொட்டிக்குக் காத்து நின்றன. விசில் ஓடி வந்தார்.

“பூட்டைத் திற.”

“கழுவுற அண்ணன் பூட்டு இன்னும் தொங்குது சார்.”

“அவன் எப்பவோ வெளிய வந்துட்டான். மறந்துட்டுப் போயிருப்பான். உன்னோடதத் திற, அவனோடத வெட்டிடு.”

“அண்ணன் மூஞ்சியப் பாத்துட்டுத் திறக்கறேன்.”

“எனக்கே பாடம் எடுக்கிறியா?”

பளார். இடது கன்னம். பேக்கிங் பெண்கள் உட்பட மொத்த ஹாலும் பார்த்தது.

அடுத்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். கழுவுகிற அண்ணன் உள்ளே இல்லை. பின்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரோடு ஓடி வந்து, “ஐயோ, என்னாலயா, என்னாலயா” என்று புலம்பினார். விசில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அறையை விட அதுதான் வலித்தது. இப்போது கம்பெனியில் எனக்குப் பேர் ‘டீ’. “என்ன டீ, கன்னம் ஆறிடுச்சா?” என்கிறான் அடுப்புக்காரன்.

ஆள் உள்ளே இல்லை என்பது விசிலுக்கும் சரி, எனக்கும் சரி, அப்போது தெரியாது. அவர் ஊகித்தார், நான் ஊகிக்க மறுத்தேன். நாளைக்கும் மறுப்பேன்.

திருப்பி அடிக்கவில்லை, அத்தான். பயம் இல்லை. அவரைவிட எனக்குக் கை நீளம். மன்னிப்பும் கேட்கவில்லை. இன்று காலை ஷிப்ட் தொடங்கியதும் எல்லார் முன்னாலும் அவர் எதிரே போய் நின்றேன். “சார், நான் செஞ்சது தப்புன்னா எது தப்புன்னு சொல்லுங்க. சரின்னா ஏன் அடிச்சீங்க?” என்று கேட்டேன். “போடா வேலையப் பாரு” என்றார். போய் வேலையைப் பார்த்தேன். நாளைக்கும் கேட்பேன்.

அறைத் தோழன் குறட்டையில் கூரை நகர்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. அக்காவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்குவம் வராது என்று தெரியும், முயற்சி செய்யுங்கள்.

உங்கள் மச்சான்

*

மார்ச் 9

என் அருமை மச்சானுக்கு,

உன் கடிதத்தை உட்கார்ந்து படிக்கவில்லை. நின்றுகொண்டுதான் படித்தேன். படித்து முடித்ததும் லாரி டயரை உதைத்தேன். இப்போது கால் கட்டைவிரல் நீலமாக இருக்கிறது. இதற்கும் சேர்த்து அவனிடம் கணக்குத் தீர்க்க வேண்டும்.

ஏன்டா, உனக்கு ரோஷம் என்று ஒன்றைக் கடவுள் வைத்தாரா, இல்லை அந்த இடத்திலும் ஒரு பூட்டைப் போட்டுவிட்டாயா? அடிக்கிறவனிடம் போய் ‘ஏன் அடிச்சீங்க’ என்று கேட்கிறாயாம்! அவன் ராத்திரி வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்திருப்பான். இன்னொன்று: அவனை ‘அவர்’, ‘அவர்’ என்று எழுதாதே. பற்றிக்கொண்டு வருகிறது.

உன் அக்காவைக் கட்டிய அன்று உன் அப்பா என் கையைப் பிடித்து, “இவன் வாய் மட்டும்தான் நீளம், நீதான் பாத்துக்கணும்” என்றார். அவர் போன பிறகு உனக்கு நான்தான். என் மச்சான் மேல் ஒருத்தன் கை வைத்தான் என்றால் அது என் கன்னத்தில் விழுந்த அடி. லாரி ஷெட்டில் சொன்னேன். நாலு பேர் இப்போதே வண்டியில் ஏறத் தயார். கிளீனர் தடியன் இரும்புக் கம்பியைத் துடைத்தே வைத்துவிட்டான்.

சபையில் போதகரிடமும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “தம்பியை அடங்கிப் போகச் சொல்லுங்க, மறு கன்னத்தைக் காட்டணும்னு வேதத்தில இருக்கே” என்றார். அவருக்கு என்ன, அவர் கன்னத்தில் கொசு கூட உட்காராது.

ஒரு வார்த்தை சொல். கிளம்பி வருகிறேன். அக்கா அழுதாள். அழுதுவிட்டு உன் சட்டை அளவு மாறியிருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள்.

கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது. என் வண்டிக்கு நீ வைத்தியம் பார்க்காதே.

உன் அத்தான்

*

மார்ச் 15

அன்புள்ள அத்தானுக்கு,

சட்டை அளவு அதே நாற்பதுதான். கட்டைவிரலுக்கு ஐஸ் வையுங்கள். டயர் உங்களை ஒன்றும் செய்யவில்லை.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வார்த்தை: வராதீர்கள்.

இனி காரணம். போதகர் சொல்வதும் தப்பு, நீங்கள் சொல்வதும் தப்பு. எனக்கு வேதம் முழுக்கத் தெரியாது. தெரிந்த இரண்டு இடத்தைச் சொல்கிறேன்.

இயேசுவைப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்த இடத்தில், பக்கத்தில் நின்ற சேவகன் ஒருத்தன் அவரை அறைந்தான். அவர் என்ன செய்தார்? திருப்பி அடிக்கவில்லை, சரி. தலையைக் குனிந்துகொண்டு அடங்கிப் போனாரா? அதுவும் இல்லை. நான் பேசியதில் தப்பு இருந்தால் காட்டு, இல்லையென்றால் ஏன் அடித்தாய் என்று கட்டிய கையோடு நேருக்கு நேர் கேட்டார். நான் விசிலிடம் கேட்பது அந்தக் கேள்விதான். சொந்தச் சரக்கு இல்லை. மறு கன்னத்தைக் காட்டு என்று சொன்னவரே அறை வாங்கியபோது இப்படித்தான் செய்தார் என்றால், மறு கன்னத்துக்கு அடங்கிப் போவது என்று அர்த்தம் இருக்க முடியாது. ஓடவும் மாட்டேன், உன்னை மாதிரி ஆகவும் மாட்டேன், இங்கேயே நிற்கிறேன், இப்போது என்ன செய்யப் போகிறாய் என்பதுதான் அர்த்தம். பணிந்து போகிறவன் கன்னத்தைக் காட்ட மாட்டான், முதுகைக் காட்டுவான். போதகரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கண்ணைத் திறப்பார்.

அடுத்த இடம் உங்களுக்கு. இயேசுவைப் பிடிக்க வந்தபோது அவருடைய சீடன் பேதுரு வாளை உருவி ஒருத்தன் காதை வெட்டினான். ரொம்ப ரோஷக்காரன், உங்கள் மாதிரி. அவனுக்குக் கிடைத்த பாராட்டு என்ன? வாளை உறையில் போடு என்பதுதான். அறுந்த காதைச் சரிசெய்தது யார்? பேதுருவா? இல்லை, இயேசு. வெட்டுகிறவன் வெட்டிவிட்டுப் போய்விடுவான். பழுதுபார்க்கிற வேலை எப்போதும் அடுத்தவன் தலையில்தான். மெக்கானிக்காகச் சொல்கிறேன், எனக்கு இது தினப்படி அனுபவம்.

இங்கே நடப்பதையும் சொல்கிறேன். தினமும் காலையில் கேட்கிறேன். முதலில் விசில் சிரித்தார். பிறகு கெட்ட வார்த்தை. பிறகு என்னைச் சாக்கடை வலை சுத்தம் செய்ய அனுப்பினார். மாவு நொதித்த சாக்கடை எப்படி நாறும் தெரியுமா? முடித்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, “வலை கழுவியாச்சு சார். பதில்?” என்றேன். இப்போது என்னை விசில் அடித்துக் கூப்பிடுவதில்லை. கூப்பிடுவதே இல்லை. நான் ஹாலுக்குள் வந்தால் அவர் பார்வை கடிகாரத்துக்குப் போகிறது.

நேற்று பேக்கிங்கில் ஒரு அக்கா ரகசியமாகக் கேட்டார். “தம்பி, உங்களுக்குப் பயமே இல்லியா?”

“இருக்குக்கா. பயந்துக்கிட்டேதான் கேக்கறேன்.”

“அப்ப நாளைக்கு நான் பக்கத்துல நிக்கட்டுமா? பேச மாட்டேன். சும்மா நிக்கறேன்.”

இன்று காலையில் நின்றார். கூடவே இன்னும் இரண்டு பேர். கழுவுகிற அண்ணனும் டம்ளரோடு வந்து நின்றார். அத்தான், நீங்கள் கம்பியோடு வந்து இறங்கினீர்கள் என்றால் இத்தனையும் அந்த நிமிஷமே காலி. அப்புறம் அது ‘ரவுடியைக் கூட்டி வந்தவன் கதை’ ஆகிவிடும். தப்பு யார் பேரில் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வந்தால் நான் விசிலை மறைத்துக்கொண்டு நிற்பேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

உங்கள் மச்சான்

*

மார்ச் 21

மச்சானுக்கு,

உன் பிரசங்கம் கிடைத்தது. அக்கா இரண்டு தடவை படித்தாள். “இவனுக்குப் பாலிடெக்னிக் வேண்டாம், வேதபாடசாலைக்கு அனுப்பியிருக்கணும்” என்றாள். ஆனால் மடித்துத் தன் பைபிளுக்குள்தான் வைத்தாள், அதுதான் எனக்கு எரிச்சல்.

நீ பேசுவது எல்லாம் சரியாகவே இருக்கட்டும். எனக்குச் சரி தப்பு வேண்டாம். லாரி ஷெட்டில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கிறது. மச்சானைச் சாக்கடை அள்ள வைத்தவனைச் சும்மா விட்டவன் என்று என்னைப் பார்க்கிறார்கள். அவர்கள் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கேட்கிறது.

சனிக்கிழமை உங்கள் ஊர்ப் பக்கம் லோடு இருக்கிறது. நாலு பேரோடு வருகிறேன். நீ வீட்டிலேயே இரு.

உன் அத்தான்

*

மார்ச் 29

அத்தானுக்கு,

நீங்கள் வண்டியேறிப் போன பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. போவதற்கு முன் நடந்தது உங்கள் பக்கத்திலிருந்து மட்டும் தெரியும். இரண்டையும் எழுதுகிறேன்.

கேட் வாசலில் உங்கள் லாரி நின்றதும் வாட்ச்மேன் உள்ளே ஓடி வந்தார். விசில் அப்போது கேட் பக்கத்தில்தான் சரக்கு எண்ணிக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்தபோது உங்கள் ஆட்கள் அவரைச் சுவரோடு ஒதுக்கியிருந்தார்கள். என்னைச் சாக்கடைக்கு அனுப்பிய மனிதர் சரக்குக் கணக்கு அட்டையைக் கேடயம் மாதிரி முகத்துக்கு நேரே பிடித்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அது வந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது.

நடுவில் வந்து நின்றேன்.

“தள்ளுடா.”

“மாட்டேன் அத்தான்.”

“உனக்காகத்தான்டா வந்திருக்கேன்!”

“எனக்காகன்னா நான் சொல்றதக் கேளுங்க. திரும்பிப் போங்க.”

“ரோஷம் கெட்டவனே!”

உங்களுக்கு இடதுகைப் பழக்கம். அதனால் வலது கன்னம். ஆக இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. முதல் அடி அந்நியன் கையால், இரண்டாவது என் வீட்டுக் கையால். எது அதிகம் வலித்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் முகம் போன போக்கையும் பார்த்தேன். உடனே வண்டியில் ஏறினீர்கள். தடியன் என்னைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி ஏதோ செய்துவிட்டு ஓடினான்.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். விசில் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மேலாளர், “போலீஸ்ல புகார் குடுக்கணும். அடி வாங்கினது நீங்க, கையெழுத்து நீங்கதான் போடணும்” என்றார். விசில், “அவனுங்க என்னக் கொல்ல வந்தானுங்க, நீ பாத்தேல்ல” என்றார். உங்களை உள்ளே தள்ளினால் எனக்கு நிரந்தர வேலை என்கிற மாதிரியும் பேச்சு வந்தது.

“போடறேன் சார். ஆனா இந்தக் கேட்ல விழுந்த அறையும், மிக்சர் பக்கத்துல விழுந்த அறையும், ரெண்டும் ஒரே தாள்ல எழுதணும். ரெண்டுக்கும் சாட்சி இருக்கு. மிக்சர் அறைக்கு மொத்த ஹாலும் சாட்சி” என்றேன்.

மேலாளர் விசிலைத் திரும்பிப் பார்த்தார். “என்ன அறை?” என்றார். இத்தனை நாளும் அவர் காதுக்கு அது போகவே இல்லை! விசில் ஜன்னலைப் பார்த்தார். தாளை யாரும் எடுக்கவில்லை. மேலாளர் என்னை வெளியே அனுப்பிவிட்டு, கதவை மூடிக்கொண்டு அவரிடம் ரொம்ப நேரம் பேசினார். பூட்டைப் பற்றிய விதி இப்போது பெரிய எழுத்தில் மிக்சர் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. விசில் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் காத்திருக்கவும் இல்லை. எனக்கு வேண்டியது பதில். திங்கட்கிழமை காலை மறுபடி போய் நின்றேன்.

“இன்னுமா?” என்றார்.

“இன்னும்தான் சார்.”

“யோசிச்சுச் சொல்றேன்” என்றார். அவர் வாயில் ‘யோசி’ என்ற சொல்லை முதல் தடவையாகக் கேட்கிறேன்.

உங்களை நான் காப்பாற்றினேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு அறையையும் எழுத அவர்கள் ஒத்துக்கொண்டிருந்தால் உங்கள் பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். அக்காவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

விசிலைக் கேட்டதை உங்களையும் கேட்கிறேன். அவருக்கு ஒரு நியாயம், அத்தானுக்கு ஒரு நியாயம் என்று வைத்தால் நான் இத்தனை நாள் நின்றது நடிப்பு. நான் செய்தது தப்பென்றால் எது தப்பு என்று சொல்லுங்கள். சரியென்றால் ஏன் அடித்தீர்கள்?

மச்சான்

*

ஏப்ரல் 20

அத்தானுக்கு,

பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அக்கா எடுக்கிறாள், “அவர் வண்டிக்குப் போயிருக்கார்” என்கிறாள். பின்னால் உங்கள் இருமல் கேட்கிறது.

விசிலே ஏதோ ஒரு பதில் சொல்லிவிட்டார். “ஆள் உள்ள இல்லைங்கிறது எனக்கும் தெரியாதுதான். போதுமா?” என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “போதும் சார்” என்றேன். இப்போது அவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டேன். எங்களுக்குள் பாசம் பொங்கவில்லை. இரண்டு பேரும் வேலையைப் பார்க்கிறோம்.

உங்களிடம் நிறுத்த மாட்டேன். கோபித்துக்கொண்டு இருங்கள், பரவாயில்லை. நான் கோபிக்கவில்லை என்று சொன்னாலும் பொய். கோபம்தான். ஆனால் உங்களை இழக்க எனக்கு இஷ்டம் இல்லை, அதற்காக அந்த அறையைச் சாதாரணம் என்று சொல்லவும் இஷ்டம் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அப்பா இடத்தில் இருந்தவர் நீங்கள் ஒருத்தர்தான். எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

மச்சான்

*

மே 5

என் மச்சானுக்கு,

உன்னிடம் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு இதைப் படிக்காதே. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. யார் மேல் என்றுதான் குழப்பம்.

போன ஞாயிறு சபையில் திருவிருந்து. எல்லாரும் வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். நான் எழுந்தேன். அப்பம் கொடுக்கிற இடத்தில் முழங்கால் போடுகிறதுக்கு முன்னால், யாரிடமாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வாருங்கள் என்று போதகர் எப்போதும் சொல்வாரே, அதைச் சொன்னார். எத்தனை வருஷமாக அதைக் கேட்கிறேன்! ‘விளக்கை அணைக்கவும்’ என்கிற பலகை மாதிரி, கேட்டும் கேட்காமல் போயிருக்கிறேன். இந்தத் தடவை கால் வரவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். முதல் வரிசை. மொத்தச் சபையும் பார்த்தது. என்னை மாதிரி காணிக்கைப் பை பிடிக்கிறவன் திருவிருந்துக்குப் போகவில்லை என்றால் சும்மா விடுவார்களா? வெளியே வந்ததும் கமிட்டிப் பெரியவர் ஒருத்தர் சிரித்துக்கொண்டே, “என்ன தம்பி, வயிறு சரியில்லியா?” என்றார். நான் அவரை ஏதாவது சொல்லியிருப்பேன். உன் அக்கா முந்திக்கொண்டாள். “வயிறு நல்லாத்தான் இருக்கு. கைதான் சரியில்ல” என்றாள். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி!

ஒரு மாதமாக வீட்டில் அவள் இப்படித்தான்: சமைக்கிறாள், பரிமாறுகிறாள், உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ நேராகவே கேட்டுத் தொலைத்தாய். அவள் கேட்காமலே கேட்டாள்.

சரி, பதில். உன் பேரில் தப்பு இல்லை. நான் அடித்தது உன்னைக் காப்பாற்ற இல்லை. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நீ என்னை வெறுங்கையோடு திருப்பி அனுப்பப் பார்த்தாய், அது பொறுக்கவில்லை. எவன் உன்னை அடித்தான் என்று ஊரெல்லாம் கத்தினேனோ, அவன் அடித்ததற்கும் இதுதானே காரணம்? அவனுக்கும் ஹால் முழுக்க ஆள் பார்த்துக்கொண்டிருந்தது. இதை எழுதும்போது அவனை ‘அவர்’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் என்னை வற்புறுத்தாதே.

அக்கா சொல்கிறாள், உன்னை இங்கே வரச்சொல்லி வீட்டில் வைத்துப் பேசிக்கொள்ளலாமாம், விருந்து வைக்கிறாளாம். முடியாது என்றுவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் அது குடும்ப விஷயமாகிவிடும். கேட் வாசலில், வாட்ச்மேன் முதல் லோடு ஏற்றுகிறவன் வரைக்கும் பார்க்க அடித்தேன். அதே வாசலில், அதே ஆட்கள் முன்னால்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வர மாட்டேன். லாரியும் வேண்டாம். பஸ்ஸில் தனியாக வருகிறேன். தடியன் துணைக்கு வரட்டுமா என்றான். வாயை மூடு என்றேன்.

இதில் நீ குறுக்கே பேசக்கூடாது. “பரவால்ல அத்தான், விடுங்க” என்று என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போகிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதே. நான் முழுசாகச் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில். நிற்பது உனக்குத்தான் நன்றாக வருமே.

அந்த விசில் எந்த ஷிப்டில் இருக்கிறான் என்று மட்டும் உடனே எழுது. அவன் அங்கே இருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் அடித்தவன் எல்லார் முன்னாலும் எப்படி மன்னிப்புக் கேட்கிறான் என்று அவன் பார்க்கட்டும்.

உன் அத்தான்